பழைய கணினிக்கு ஒரு கிரபிக்ஸ் கார்ட்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வடக்கிலும் கிழக்கிலும் ஆவணம், படம், எழுத்து என்று ஏதாவது ஒரு வேலை நடக்கிற சிறிய இடங்களுக்குப் போனால் அநேகமாக ஒரே மாதிரியான கணினியைத்தான் காணலாம். கறுப்பு நிறத்தில், பாரமான, டெல் அல்லது எச்பி என்ற பெயர் பொறித்த மேசைக் கணினி. ஏதோ ஒரு நாட்டு அலுவலகத்தில் சில வருடங்கள் உழைத்துவிட்டு, பாவித்த பொருளாகக் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏ9 வழியாக வந்து சேர்ந்தது. அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் காசு அனுப்பி வாங்கித் தந்தது. சனசமூக நிலையம், மாதர் சங்கம், ரியூசன் கொட்டில், என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களின் வீட்டு மூலை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. கடிதம் அடிக்க, பழைய அடையாள அட்டையை ஸ்கேன் செய்ய, படங்களைச் சேமித்து வைக்க இது தாராளமாகப் போதும். காணொளி என்று வரும்போதுதான் இது மூச்சு வாங்கத் தொடங்குகிறது.

எங்களுக்குக் காணொளி என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனையோ சாட்சியங்கள் கைபேசிகளில் பதிவாகியிருக்கின்றன. சொன்னவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களுடைய குரல் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதை வெட்டி, தொகுத்து, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கீழே எழுத்துப் போட்டு, மற்றவர்கள் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவர உட்கார்ந்தால் கணினி ஒத்துழைப்பதில்லை. படம் உறைந்து நிற்கிறது, குரல் மட்டும் ஓடுகிறது.

"ஒரு கிரபிக்ஸ் கார்ட் போட்டால் சரியாகுமா?" இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: சில வேளைகளில் சரியாகும். ஆனால் கார்ட் என்பது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் முக்கியமானதற்குக் காசு செலவில்லை.

கார்ட் என்ன வேலை செய்கிறது?

கணினியின் மூளையான புரொசசர், வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகச் செய்யும். கிரபிக்ஸ் கார்ட்டில் இருக்கிற சிப் ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும். திரையில் தெரிகிற ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணிப்பது அப்படிப்பட்ட வேலை. அதனால்தான் விளையாட்டுகளுக்கும் காணொளித் தொகுப்புக்கும் இது தேவைப்படுகிறது.

காணொளி வேலையில் இன்னொரு விடயமும் உண்டு. கைபேசி ஒரு காட்சியை அப்படியே சேமிப்பதில்லை, நெருக்கிச் சுருக்கித்தான் சேமிக்கிறது. எச்.264 என்பது பழைய சுருக்கும் முறை. எச்.265 அதைவிடப் புதியது. இப்போதைய கைபேசிகள் பல, விசேடமாக 4கே தரத்தில் பதியும்போது, எச்.265ஐயே பயன்படுத்துகின்றன. சுருக்கியதை விரித்துக் காட்டுவதற்கும், தொகுத்து முடித்ததைத் திரும்பச் சுருக்கி எழுதுவதற்கும் கிரபிக்ஸ் கார்ட்டில் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன.

2012இல் வந்த இன்டெல் ஐ5-3470 புரொசசரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கிடைக்கிற டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 கணினிகள் பலவற்றில் இருப்பது இதுதான். இதனோடு சேர்ந்து வருகிற கிரபிக்ஸ் பகுதிக்கு எச்.265ஐ விரிக்கத் தெரியாது. அந்த வேலை முழுவதும் புரொசசரின் நான்கு கோர்களின் தலையில் விழுகிறது. படம் உறைவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உண்மையில் எது இழுக்கிறது?

தொகுப்பு மென்பொருளைத் திறந்து, சிக்கல் தருகிற காணொளியை ஓடவிடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் புரொசசர், மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றும் எத்தனை சதவீதத்தில் நிற்கின்றன என்று பாருங்கள்.

டிஸ்க் 100இல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி. மெமரி நிரம்பி வழிந்தால் தேவை ரேம். இந்த இரண்டும் சாதாரணமாக இருக்க, புரொசசர் மட்டும் 100இல் நின்றால்தான் கிரபிக்ஸ் கார்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வன்னியில் ஒரு மகளிர் அமைப்பின் கணினியோடு சில நாட்கள் வேலை செய்தேன். 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். கிரபிக்ஸ் கார்ட் வாங்கவென்று அவர்கள் காசு சேர்த்துவைத்திருந்தார்கள். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் மெமரியும் டிஸ்க்கும் நிரம்பி நின்றன. பாவித்த டிடிஆர்3 ரேம் வாங்கி 16 ஜிபி ஆக்கினோம், ஒரு சிறிய எஸ்எஸ்டியில் விண்டோஸைப் போட்டோம். அதற்குப் பிறகு சாதாரண 1080 தரக் காணொளிகள் தடையில்லாமல் ஓடின. 4கே காட்சிகள் மட்டும் இன்னும் திணறின. கார்ட் தேவைப்பட்டது அந்த மிச்சத்துக்குத்தான்.

அந்த மிச்சத்துக்கும் காசில்லாத ஒரு வழி உண்டு. டாவின்சி ரிசோல்வ், கேடென்லைவ், ஷொட்கட் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருட்களில் "புரொக்ஸி" என்றொரு வசதி இருக்கிறது. பெரிய காணொளிக்குப் பதிலாக அதன் சிறிய பிரதி ஒன்றைச் செய்து, அதை வைத்துத் தொகுக்கலாம். கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாகவே மூலக் காணொளியைப் பயன்படுத்தும். பிரதி உருவாகிற நேரம் காத்திருக்க வேண்டும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். மாதத்தில் ஒரு காணொளி செய்பவருக்கு இது போதும். கார்ட் வேண்டாம்.

கேசிங்கைத் திறந்து பார்க்க வேண்டிய மூன்று

கார்ட் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கடைக்குப் போவதற்கு முன் கணினியை நிறுத்தி, புளொக்கைக் கழற்றி, பக்க மூடியைத் திறவுங்கள்.

முதலாவது, மின்சாரம். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். ஒப்டிபிளெக்ஸ் 7010இன் உயரமான மாதிரியில் 275 வாட், சிறிய மாதிரியில் 240 வாட். கார்ட் செருகுகிற நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் அதிகபட்சம் 75 வாட் வரை கொடுக்கலாம் என்பது பொது விதி. அதற்கு மேல் குடிக்கிற கார்ட்களுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். 6 முனை வயர் இன்னும் 75 வாட்டும், 8 முனை வயர் 150 வாட்டும் கொடுக்கும். இந்த அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வயர்கள் இல்லை.

அப்போது கடைகளில் "இந்த அடப்டரைப் போடுங்கோ, வேலை செய்யும்" என்று சாட்டா வயரை 6 முனையாக மாற்றும் துண்டு ஒன்றைத் தருவார்கள். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட்தான், 6 முனை கேட்கக்கூடியது 75 வாட். உருகிப் புகை வருவதற்கு இது போதும். வாங்காதீர்கள். பெரிய பவர் சப்ளை மாற்றுவதும் எல்லா மாதிரியிலும் இலகுவல்ல. ஒப்டிபிளெக்ஸ் 7010இல் மதர்போர்ட்டுக்கு வழக்கமான 24 முனை இணைப்பு இருக்கிறது. அடுத்து வந்த 9020இல் டெல் தனக்கென ஒரு 8 முனை இணைப்பை வைத்துவிட்டது, சாதாரண பவர் சப்ளை அதில் நேரடியாகப் பொருந்தாது.

இரண்டாவது, இடம். சிறிய கேசிங் என்றால் பாதி உயரமான "லோ புரொபைல்" கார்ட்தான் உள்ளே போகும். அதற்குரிய குட்டைத் தகடும் கார்ட்டோடு கிடைக்க வேண்டும். தகடு இல்லாமல் விற்பார்கள், கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் பவர் சப்ளை நெருக்கமாக இருந்தால் ஒற்றைத் தடிப்புள்ள கார்ட்தான் பொருந்தும். நீளத்தையும் தடிப்பையும் அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சில சிறிய மாதிரிகளில் ஸ்லொட்டுக்கு 75 வாட்டை விடக் குறைந்த எல்லையை உற்பத்தியாளர் குறித்திருப்பார், கையேட்டில் அதையும் பாருங்கள்.

மூன்றாவது, மதர்போர்ட்டின் வயது. பிசிஐ எக்ஸ்பிரஸின் எந்தத் தலைமுறைக் கார்ட்டும் எந்தத் தலைமுறை ஸ்லொட்டிலும் பொதுவாக வேலை செய்யும், வேகம் மட்டும் குறையும். ஆனால் சில புதிய கார்ட்கள் பழைய பயோஸில் படமே காட்டாது. பயோஸைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்த பின்பே கார்ட் மாற்றுங்கள். அந்த நேரம் கரண்ட் போனால் மதர்போர்ட் பழுதாகக்கூடும், யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள்.

எந்தக் கார்ட்?

பத்து வருடத்துக்கு மேற்பட்ட கணினிக்கு விலை கூடிய கார்ட் வாங்குவது, பழைய சைக்கிளுக்கு லொறி எஞ்சின் பூட்டுவது போன்றது. கார்ட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்கு வேலை கொடுக்க வேண்டியது அந்தப் பழைய நான்கு கோர் புரொசசர்தான். ஆகவே தனி வயர் கேட்காத கார்ட்களோடு நின்றுகொள்வதே புத்தி.

என்விடியா ஜிடி 1030 மலிவானது, 30 வாட்தான் குடிக்கும், எச்.265ஐ விரித்துக் காட்டும். ஆனால் திரும்பச் சுருக்கி எழுதுகிற பகுதி அதில் இல்லை. இதே பெயரில் இரண்டு வகை இருக்கிறது. டிடிஆர்4 மெமரி உள்ளது, ஜிடிடிஆர்5 உள்ளதை விட மிகவும் மந்தமானது. பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும், வாசித்துப் பாருங்கள். காணொளி பார்க்கவும் சிறிய வேலைகளுக்கும் இது சரி, தொகுப்புக்கு அல்ல.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 ஆகிய இரண்டும் 4 ஜிபி மெமரியோடு 75 வாட்டுக்குள் நிற்பவை. விரிக்கவும் சுருக்கவும் இரண்டிலும் வசதி உண்டு. சில நிறுவனங்கள் செய்த மாதிரிகளில் மட்டும் 6 முனை இணைப்பு இருக்கும், அவற்றைத் தவிருங்கள். உயரமான கேசிங் உள்ளவர்களுக்கு என் தெரிவு 1650.

சிறிய கேசிங்கிற்கு என்விடியா குவாட்ரோ பி1000 பொருத்தமானது. ஒற்றைத் தடிப்பு, பாதி உயரம், 47 வாட், 4 ஜிபி மெமரி. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வருவதால் பாவித்த சந்தையில் கிடைக்கும். இதில் இருப்பவை மினி டிஸ்பிளேபோர்ட் துளைகள்தான். உங்கள் மொனிட்டருக்கேற்ற மாற்றியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 53 வாட் குடிக்கிற புதிய கார்ட். பார்த்தால் ஆசை வரும். ஆனால் இதில் காணொளியைச் சுருக்கி எழுதும் பகுதியே இல்லை. அதோடு இது ஸ்லொட்டின் நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய தலைமுறை மதர்போர்ட்களில் இன்னும் பின்தங்கும். இன்டெலின் ஆர்க் கார்ட்கள் ரீசைசபிள் பார் என்ற வசதி உள்ள புதிய மதர்போர்ட்களுக்காகச் செய்யப்பட்டவை, பழைய கணினிக்கு வேண்டாம்.

டிரைவரின் ஆயுளையும் கணக்கில் எடுங்கள். 1030, 1050 டிஐ, பி1000 எல்லாம் பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தவை. 2025 ஒக்டோபருடன் ஜிபோர்ஸ் வரிசையின் பாஸ்கல் கார்ட்களுக்கு வழமையான டிரைவர் வெளியீடுகளை என்விடியா நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. 1650 அதற்கு அடுத்த தலைமுறை என்பதால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

பாவித்த கார்ட், பொய்க் கார்ட்

2022இன் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் 360ஐ எட்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். இந்த நிலையில் எங்களில் பலருக்குப் புதிய கார்ட் எட்டாது. யாழ்ப்பாணத்துக் கடைகளிலோ, கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, முகநூல் விளம்பரங்களிலோ பாவித்த கார்ட்டைத்தான் தேடுகிறோம்.

2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை இரவு பகலாக அதைத் தோண்டிக்கொண்டிருந்த ஏராளமான கார்ட்கள் உலகச் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்ட் எல்லாம் கெட்டது என்றில்லை. விசிறியும் உள்ளே பூசிய பசையும் தேய்ந்திருக்கும் என்று எதிர்பாருங்கள்.

பெரிய ஆபத்து பொய்க் கார்ட். ஜிடிஎஸ் 450 போன்ற மிகப் பழைய கார்ட்டின் உள்மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்று விண்டோஸை நம்பவைத்து விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இந்த மோசடிகளில் பலவற்றைக் கண்டுபிடித்துப் பொய் என்று காட்டிவிடும். அதை ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். கடையிலேயே கார்ட்டைப் பூட்டி, பெர்மார்க் போன்ற ஒரு சோதனையை 15 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். திரையில் கோடோ புள்ளியோ விழுந்தால், சூடு 85 பாகையைத் தாண்டிப் போனால், விசிறி கறகறத்தால் எழும்பி வாருங்கள். சோதித்துக் காட்ட மறுக்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

கணினி கடைக்குப் போகட்டும், டிஸ்க் வீட்டில் இருக்கட்டும்

ஆரம்பத்தில் சொன்ன, காசு செலவில்லாத முக்கியமான விடயம் இதுதான். கார்ட்டைப் பூட்டித் தரச்சொல்லிக் கணினியைக் கடையில் விட்டுவிட்டு வருகிறோம். இரண்டு மூன்று நாள் அது அங்கே கிடக்கிறது. அதற்குள் இருப்பவை என்ன? சாட்சி சொன்னவர்களின் முகம், ஊர், தொலைபேசி இலக்கம். காணாமல் போன பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். முறைப்பாட்டுப் பிரதிகள். இடப்பெயர்வின்போது பையில் சுற்றிக் கொண்டுவந்து, பிறகு ஸ்கேன் செய்து வைத்த ஒரேயொரு குடும்பப் படம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த மேசையைக் கடந்து போகிற எல்லோரையும் எங்களுக்குத் தெரியாது. எங்களை நம்பிக் கதைத்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது.

கார்ட் பூட்டுவதற்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை. பெரும்பாலும் இரண்டு வயரும் சில ஆணிகளும்தான். கழற்றி ஒரு துணியில் சுற்றி வீட்டில் வைத்துவிட்டு, கணினியை மட்டும் கொடுங்கள். கடைக்காரர் தன்னிடம் உள்ள வேறு டிஸ்கைப் போட்டுச் சோதித்துத் தரலாம்.

எப்படியும் மூடியைக் கழற்றும் வேலை தொடங்குவதற்கு முன் எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறொரு இடத்தில். வெளியே வைக்கும் பிரதியை வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் பூட்டி வையுங்கள். கைபேசியிலிருந்து காணொளியை வயர் மூலம் நேரடியாக எடுங்கள். வட்ஸ்அப்பில் வழமையான காணொளியாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எங்கே எப்போது எடுத்தது என்ற விபரமும் போய்விடும். தொகுப்பதற்குப் பிரதியைப் பயன்படுத்துங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் வெட்டவோ திரும்பச் சுருக்கி அதன்மேல் சேமிக்கவோ வேண்டாம். என்றாவது ஒரு நாள் ஒரு விசாரணையில் கேட்கப்படப் போவது தொகுத்த காணொளி அல்ல, அந்த மூலம்தான்.

நீங்களே பூட்டுவதென்றால்

இது கஷ்டமான வேலையில்லை. கணினியை நிறுத்தி, புளொக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உள்ளே படிந்த புழுதியைத் தூரிகையால் தட்டுங்கள், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஸ்லொட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்ட்டை இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். "டிக்" என்று பிடிக்கும். ஆணியைப் பூட்டுங்கள்.

மொனிட்டர் வயரை இனிப் புதிய கார்ட்டில் செருக வேண்டும், பழைய துளையில் அல்ல. "கார்ட் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் சிலருடைய பிரச்சினை இவ்வளவுதான். டிரைவரை என்விடியாவின் அல்லது ஏஎம்டியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பிறகு தொகுப்பு மென்பொருளின் அமைப்புகளில் காணொளியை விரிக்கவும் சுருக்கவும் கார்ட்டைப் பயன்படுத்தும்படி தெரிவு செய்யுங்கள். தானாக மாறாத மென்பொருட்களும் உண்டு.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருளானது. எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கில் கரண்ட் நின்றால் கோப்பு போய்விடும். கையில் இருக்கிற காசுக்குக் கார்ட்டா, யூபிஎஸ்ஸா என்று கேட்டால் யூபிஎஸ் என்றே சொல்வேன்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக முடித்துக்கொண்டது. இந்தப் பழைய புரொசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே இக்கணினியை இணையத்திலிருந்து பிரித்து, தொகுப்புக்கும் சேமிப்புக்கும் மட்டும் வைத்திருப்பது நல்லது. லினக்ஸ் போட விரும்பினால் கேடென்லைவும் ஷொட்கட்டும் அதிலும் ஓடும். கார்ட் இந்தப் பெட்டிக்கு இன்னும் இரண்டு மூன்று வருட உழைப்பைத் தரலாம். அதற்குப் பிறகு பெட்டி போகும், கார்ட்டும் போகும், இரண்டையும் திரும்ப வாங்கலாம். டிஸ்கில் இருக்கிற குரலை எங்கும் வாங்க முடியாது. இன்று ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், அதற்குப் பிரதி எடுங்கள்.